கண் இமையில் அரிப்பா? பார்த்தீனியத்தையும் சந்தேகப்படுங்கள்

"வெயில் ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர்" என்று சொல்லித்தான் பலர் வருகிறார்கள். முகமும் கழுத்தும் கறுத்து, தோல் தடித்து, செதில் உதிரும். தோல் மருத்துவராக நான் முதலில் பார்ப்பது மேல் இமையை. அப்புறம் காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே. வெயில் எட்டாத இந்த இடங்களிலும் அரிப்பு இருந்தால், காற்றில் வந்து படியும் ஏதோ ஒன்றுதான் காரணம். கழுத்து மடிப்பும் முழங்கை மடிப்பும் சேர்ந்துகொண்டால் என் சந்தேகம் பார்த்தீனியம் என்ற களைச்செடி மீதுதான். நாள்பட்டால் வெயிலும் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால்தான் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் களை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது. 1950களில் புனே பகுதியில் கண்ணில் பட்டது, இன்று இந்தியா முழுக்கப் பரவிவிட்டது. இதன் இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய முடிகளில் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்தாலும் அது போவதில்லை. முடியும் இலைத்தூளும் காற்றில் பறக்கும். "நான் அந்தச் செடியைத் தொட்டதே இல்லையே" என்பவருக்கும் வருவது இப்படித்தான்.

"இத்தனை வருஷமாகக் களை பறிக்கிறேன், இப்போது மட்டும் ஏன்?" என்றும் கேட்கிறார்கள். இந்த ஒவ்வாமை உடனே வருவதில்லை. பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு கட்டத்தில் தொடங்கலாம். தொடங்கிய பிறகு, பட்ட ஒன்றிரண்டு நாளில் அரிப்பு கிளம்பிவிடும்.

உறுதிப்படுத்த ஒட்டுச் சோதனை செய்கிறோம். செடியின் சாற்றை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்போம், அதற்கு ஓரிரு நாள் கழித்து மறுபடியும். அதுவரை முதுகு நனையக் கூடாது. சாமந்திக்கும் சேர்த்தே ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது; இரண்டும் ஒரே குடும்பம்.

எனக்கு மிகவும் கவலை தருவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் கலவைக் களிம்புகள். பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், விட்டதும் திரும்பும், மறுபடி பூசுவார்கள். இமைத் தோல் மிக மெல்லியது. மாதக்கணக்கில் பூசினால் தோல் நைந்துபோவதோடு கண்ணழுத்தமும் கூடலாம்.

செடியை அகற்றுவதென்றால் பூப்பதற்கு முன், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தள்ளும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். ஏற்கெனவே ஒவ்வாமை இருப்பவர் அந்த வேலைக்கே போக வேண்டாம், வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.