அந்த எண் வென்ற உலகம் எங்கே?

சிங்கப்பூரின் தோ பாயோவில் வசிக்கும் வாசகர் ஒருவர், டாக்சி ஓட்டுநர், கேட்டிருக்கிறார்: "என் முதல் டாக்சியின் எண்ணை இருபது ஆண்டுகளாக 4டி என்னும் நான்கு இலக்கக் குலுக்கலில் வாங்கிவருகிறேன். ஒருமுறைகூட விழவில்லை. அந்த எண் முதல் பரிசு பெற்ற உலகம் ஒன்று வேறெங்கோ இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். அறிவியல் அப்படிச் சொல்கிறதா, ஐயா? அங்கே போக வழி உண்டா?"

இயற்பியலாளர்களில் ஒரு சாரார் அப்படிச் சொல்வது உண்மைதான். அங்கே போக வழி இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் நான் மிகவும் நேசிக்கும் இயற்பியல் இருக்கிறது.

பள்ளியில் படித்த இரட்டைப் பிளவுச் சோதனை நினைவிருக்கும். இரு பிளவுகள் உள்ள தகட்டின் வழியே எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும் திரையில் மெல்ல மெல்ல அலைகளுக்கே உரிய வரிகள் சேர்கின்றன. ஷ்ரோடிங்கர் 1926-இல் தந்த சமன்பாட்டின்படி ஒவ்வொரு எலக்ட்ரானின் அலையும் இரு பிளவுகளையும் கடக்கிறது. எந்தப் பிளவு என்று கண்டறிந்தால் வரிகள் மறைந்துவிடுகின்றன. அளக்கும் கணத்தில் அலை குலைந்து ஒரே முடிவாகிறது என்பது கோபன்ஹேகன் விளக்கம். 1957-இல் பிரின்ஸ்டன் மாணவர் ஹியூ எவரெட் கேட்ட கேள்வி எளிமையானது: சமன்பாட்டில் இல்லாத அந்தக் 'குலைவை' நாம் ஏன் சேர்க்க வேண்டும்? அதை விட்டுவிட்டால் எல்லா முடிவுகளும் நீடிக்கின்றன. பார்ப்பவரும் அவற்றோடு சேர்ந்து கிளைக்கிறார். பல உலகங்கள் என்ற எண்ணம் பிறந்தது இப்படித்தான்.

அப்படியானால் அந்தக் கிளைகள் ஏன் நம் கண்ணில் படுவதில்லை? 2004-இல் வியன்னாவில் இயற்பியலாளர் ஆன்டன் ட்ஸைலிங்கர் குழுவினர் செய்த சோதனை ஒன்றில் இதற்கு விடை இருக்கிறது.

எழுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த, சற்றே நீண்ட பந்து போன்ற மூலக்கூறுகளை அவர்கள் வெற்றிடத்தில் நுண்ணிய கீற்றணிகள் (வரிசையாகப் பிளவுகள் கொண்ட தகடுகள்) வழியே அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய மூலக்கூறும் அலைபோல நடந்து, வரிகளைக் காட்டியது. பிறகு அவற்றை வழியிலேயே லேசரால் சூடாக்கினார்கள். உலையில் காய்ந்த இரும்பு சிவப்பதைப்போல, சூடான மூலக்கூறு தானே ஒளிரத் தொடங்குகிறது. சூடு குறைவாக இருக்கும்போது வெளிவரும் ஒளியின் அலைநீளம் பெரிது. மூலக்கூறின் பாதைகளுக்கு இடையே இருப்பதோ ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். எந்தப் பாதையிலிருந்து கிளம்பியது என்ற செய்தி அந்த ஒளியில் இல்லை, வரிகள் பிழைத்துக்கொள்கின்றன. வெப்பம் 3,000 கெல்வினை நெருங்க நெருங்க அலைநீளம் சுருங்குகிறது, வெளிவரும் ஃபோட்டான்களும், அதாவது ஒளித்துகள்களும், பெருகுகின்றன. மூலக்கூறு இருந்த இடத்தின் தடயத்தை அவை சுமந்து போகின்றன. வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி அழிகின்றன.

அந்த ஃபோட்டான்களை யாரும் பார்க்கவில்லை. அவை சுவரில் பட்டுத் தொலைந்தன. மனிதக் கண்ணோ மனமோ அங்கே தேவைப்படவே இல்லை. செய்தி வெளியே கசிந்ததே போதும். ஒத்திசைவு இழப்பு என்று இதைச் சொல்கிறோம். செய்தி கசிந்துவிட்டால் கிளைகள் மீண்டும் கலந்து வரிகளைக் காட்ட முடியாது; ஒரு கிளையில் இருப்பவருக்கு மற்றது தெரியாமல் போவது இதனால்தான். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சூடுள்ள பொருள் எதுவும், என் உடல் உட்பட, ஓயாமல் ஒளியை உமிழ்ந்து தன் இருப்பிடத்தை உலகுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

மனத்தை ஒருமுகப்படுத்தினால் இணை உலகத்துக்குத் தாவலாம் என்று சிலர் கட்டணம் வாங்கிப் பயிற்சி தருகிறார்கள். அது பொய். துயரத்தில் இருப்பவர்களிடம் அந்தப் பொய்யை விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

ஆய்வு நிதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024-இல் சிங்கப்பூர் தன் தேசியக் குவாண்டம் உத்திக்கு ஏறக்குறைய 30 கோடி வெள்ளியை அறிவித்தது, மகிழ்ச்சி. குவாண்டம் கணினி கட்டுவோரின் முதல் எதிரி இந்த ஒத்திசைவு இழப்புதான். இந்தக் கருத்துக்கு அடித்தளமிட்ட ஜெர்மானிய இயற்பியலாளர் டீட்டர் ட்ஸே 1970-இல் கட்டுரை எழுதியபோது அவர் மனத்தில் கணினி இல்லை. அளத்தல் என்றால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. அந்த நிதியில் ஒரு பங்கு, உடனே பயன் தராத இத்தகைய கேள்விகளுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வாசகரின் குலுக்கல். பந்துகளின் ஒவ்வொரு மோதலிலும் நுண்ணிய குவாண்டம் நிச்சயமின்மை பெருகுகிறது. ஆகவே அவர் எண் முதல் பரிசாக விழுந்த கிளைகளும் உண்டு, அவற்றின் மொத்த எடை, அதாவது நிகழ்தகவு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பார்கள் எவரெட் வழி நிற்பவர்கள். அந்தக் கிளை நம்முடையதோடு மீண்டும் கலக்க வேண்டுமானால், பந்தில் பட்டுச் சிதறிய ஒவ்வொரு ஒளித்துகளையும், அது தொட்ட சுவரின் ஒவ்வொரு அணுவையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். அந்த ஒளியில் ஒரு சிறு பகுதி ஜன்னல் வழியே வானுக்குத் தப்பியிருந்தால், எண்ணை அறிவிப்பாளர் படித்து முடிப்பதற்குள் அது நிலவின் தொலைவைத் தாண்டியிருக்கும்.