டிலீட் பண்ணிட்டா போயிடுமா? கிட்ஹப்பில் கசியும் சாவிகள்

"அண்ணா, ஏடபிள்யூஎஸ் கீ தெரியாம கிட்ஹப்ல போயிடுச்சு. உடனே டிலீட் பண்ணி இன்னொரு கமிட் போட்டுட்டேன். ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஏடபிள்யூஎஸ் என்பது அமேசான் வாடகைக்கு விடும் கணினிகள், கீ என்பது அதற்குள் நுழையும் ரகசியச் சாவி. கிட்ஹப் கோடை ஏற்றி வைக்கும் தளம், கமிட் கோடில் செய்த மாற்றத்தின் ஒரு பதிவு. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வருவது நின்றபாடில்லை. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும். மடிவாளாவில் சேலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் 'கிட் ஆட்' போட்டு ஒரு புள்ளி வைத்தால் ஃபோல்டரில் இருப்பதெல்லாம் ஏறிவிடும், சாவியும் பாஸ்வேர்டும் இருக்கும் .என்வ் ஃபைலும் சேர்த்து.

ஆகும் தம்பி. நிச்சயமாக ஆகும்.

முதலில் இந்த 'டிலீட் பண்ணிட்டேன்' சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதியது. பழையதைத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் அதன் பிழைப்பே. அடுத்த கமிட்டில் நீங்கள் அழித்தது, கணக்கு நோட்டில் ஒரு கோடு போட்டு அடித்த மாதிரி. அடித்தலுக்குக் கீழே எண் அப்படியே தெரியும். சந்தேகமிருந்தால் 'கிட் லாக் -பி' என்று ஓட்டி, நீங்கள் அழித்த அந்தக் கமிட்டுக்குப் போய்ப் பாருங்கள். சிவப்பு நிறத்தில், முன்னால் ஒரு மைனஸ் குறியோடு, சாவி முழுசாக நிற்கும். சிலர் 'ரிமூவ்ட் ஏடபிள்யூஎஸ் கீ' என்று கமிட் மெசேஜும் எழுதி வைக்கிறார்கள். தேடுகிறவனுக்கு வேலை மிச்சம்.

"அமெண்ட் பண்ணி ஃபோர்ஸ் புஷ் போட்டுட்டேன்" என்பார்கள் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள். அதாவது, கடைசிக் கமிட்டையே மாற்றி எழுதி, கிட்ஹப்பில் இருந்ததன் மேல் வலுக்கட்டாயமாக ஏற்றுவது. பிராஞ்சின் (கமிட்டுகளின் வரிசை) முனை நகர்ந்தது, அவ்வளவுதான். பழைய கமிட்டின் ஹேஷ் (அதன் அடையாள எண்) தெரிந்தால் கிட்ஹப்பில் அது இன்னும் திறக்கும். மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்டிலும், யாராவது கிட்ஹப்பில் நகலெடுத்த ஃபோர்க்கிலும், சக ஊழியரின் லேப்டாப்பில் நகலாக இருக்கும் குளோனிலும் அது இருக்கலாம். உங்கள் மெஷினிலேயே ரீஃப்ளாக் (பிராஞ்ச் முனை நகர்ந்த வரலாறு) வழக்கமாக 30 நாளாவது வைத்திருக்கும். பழைய கமிட்டுகளை மாற்றி எழுதும் 'கிட் ஃபில்டர்-ரெப்போ' நல்ல கருவிதான், ஆனால் அது வீட்டைப் பெருக்குகிற வேலை. முதலில் செய்ய வேண்டியது அதுவல்ல.

"ரெப்போவ பிரைவேட்டா மாத்திட்டேன்" என்பது இன்னொன்று. ரெப்போ என்றால் கோடும் அதன் கமிட்டுகளும் இருக்கும் கிடங்கு. பொது ரெப்போக்களில் வரும் புதிய கமிட்டுகளை மேய்வதற்கென்றே பாட்கள் (தானாக ஓடும் நிரல்கள்) ஓடுகின்றன. ஏடபிள்யூஎஸ் சாவியின் ஐடி ஏகேஐஏ என்று தொடங்கும் 20 எழுத்து. அதைப் பிடிக்க ஒரு வரி ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பைத் தேடும் முறை) போதும், சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். ஆரம்பத்திலிருந்தே பிரைவேட்டாக இருந்தால் மட்டும்? 2016-இல் ஊபரின் தனியார் கிட்ஹப் ரெப்போவுக்குள் நுழைந்தவர்கள், கோடில் கிடந்த ஏடபிள்யூஎஸ் சாவியை எடுத்துத்தான் 5.7 கோடிப் பேரின் தகவல்களை அள்ளினார்கள். பிரைவேட் என்றால் பார்ப்பவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

எந்த ஃபைல்களை விட்டுவிட வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் .கிட்இக்னோர் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருமுறை கமிட் ஆன ஃபைலை அது தொடவே தொடாது. 'கிட் ஆர்எம் --கேஷ்டு' போட்டு டிராக்கிங்கிலிருந்து எடுத்தால்தான் அடுத்த கமிட்டிலிருந்து விலகும். பழைய கமிட்டுகளில் இருப்பது இருந்தபடியே இருக்கும்.

சரி, போய்விட்டது. என்ன செய்வது?

சாவியைச் செயலிழக்கச் செய்யுங்கள். ஹிஸ்டரி, ஃபோர்ஸ் புஷ், மேனேஜருக்கு மெயில் எல்லாம் அப்புறம். யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கும் ஏடபிள்யூஎஸ்ஸின் ஐஏஎம் பக்கத்தில் அந்த யூசருக்குள் போய் 'டீஆக்டிவேட்'. பொது ரெப்போவில் கசிந்திருந்தால் ஆப் விழுந்தாலும் பரவாயில்லை, உடனே செய்யுங்கள். உள் ரெப்போ என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு: ஒரு ஐஏஎம் யூசருக்கு இரண்டு சாவி வரை இருக்கலாம், எனவே புதியதை உருவாக்கி சர்வரில் போட்டு, பழையதன் 'லாஸ்ட் யூஸ்டு' (கடைசியாகப் பயன்பட்ட நேரம்) நகரவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தலாம்.

இதோடு முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். சாவி செத்தாலும், அதைக் கொண்டு ஏற்கெனவே எடுத்த தற்காலிக டோக்கன் 36 மணி நேரம் வரை உயிரோடு இருக்கலாம். அதனால் அந்த யூசருக்கு எல்லாவற்றையும் மறுக்கும் பாலிசி ஒன்றையும் ஒட்டுங்கள். நீங்கள் உருவாக்காத புது ஐஏஎம் யூசர், புது ரோல் (அனுமதிகளின் தொகுப்பு), புது சாவி ஏதும் முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே வந்தவன் முதலில் செய்வது இதைத்தான்.

அடுத்தது ரீஜியன், அதாவது ஏடபிள்யூஎஸ் மெஷின்கள் இருக்கும் வட்டாரம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஸ்டார்ட்அப்கள் பெரும்பாலும் மும்பை ரீஜியனில்தான் எல்லாவற்றையும் வைத்திருப்பார்கள். கன்சோலைத் திறந்தால் மும்பை, ஈசி2 (வாடகை மெஷின்) பட்டியலில் வழக்கமான நாலு மெஷின், "எல்லாம் சரியா இருக்கு" என்று மூடிவிடுவார்கள். அதே நேரம் ஒஹாயோவிலும் சாவோ பாவ்லோவிலும் பெரிய ஜிபியு மெஷின்கள் யாருக்கோ கிரிப்டோ தோண்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ரீஜியனாகப் பாருங்கள். கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்று பதியும் கிளவுட்டிரெயிலின் ஈவென்ட் ஹிஸ்டரியும் ரீஜியன்வாரியாகத்தான் காட்டும், 90 நாள் வரைதான் இருக்கும். பட்ஜெட் அலர்ட் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள். பில்லிங் தகவல் வந்து சேரவே பல மணி நேரம் ஆகும், தவிர அலர்ட் மெயில்தான் அனுப்பும், மெஷினை நிறுத்தாது. பில் எகிறியிருந்தால் சப்போர்ட்டில் உடனே கேஸ் போடுங்கள், மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.

கிட்டுக்கு வெளியேயும் இதே கதைதான். ஆப்பை இமேஜாகக் கட்டச் சொல்லும் டாக்கர்ஃபைலில் .என்வ்வை காப்பி செய்து, அடுத்த வரியில் அழித்தால், இமேஜின் கீழ் லேயரில் அது அப்படியே இருக்கும். கட்டும்போது ஆர்க் வழியாகக் கொடுத்த ரகசியத்தை 'டாக்கர் ஹிஸ்டரி' காட்டிக்கொடுக்கும். கட்டும் நேரத்தில் மட்டும் ரகசியத்தைக் காட்டும், டாக்கரின் பில்ட்கிட் சீக்ரெட் மவுண்ட் எதற்காக இருக்கிறது? வெப் பக்கங்களைக் கட்டும் கருவிகளான வைட்டில் 'வைட்_' என்றும் நெக்ஸ்ட்டில் 'நெக்ஸ்ட்_பப்ளிக்_' என்றும் தொடங்கும் மாறிகளை ஃபிரன்ட்எண்ட் கோடில் பயன்படுத்தினால், அவற்றின் மதிப்பு பிரவுசருக்குப் போகும் பண்டிலிலேயே பதிந்துவிடும். ஆன்லைனில் பணம் வாங்க உதவும் ரேஸர்பேயின் கீ ஐடி அங்கே இருக்கலாம், கீ சீக்ரெட் இருக்கவே கூடாது. கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டீஸின் சீக்ரெட்டில் தெரிவது பேஸ்64, அதாவது எழுத்தை வேறு எழுத்தாக மாற்றி எழுதும் முறை. அது பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம்.

வருமுன் காப்பதற்கு அதிக வேலை இல்லை. ரஸ்ட் நல்லதா கோ நல்லதா என்று கோரமங்களா காபிக்கடையில் இரண்டு மணி நேரம் வாதாடுகிறவர்களுக்கு ப்ரீ-கமிட் ஹூக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனை) ஒன்று போட பத்து நிமிடம் கிடைக்காதா? கோடில் ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸை நிறுவி ஹூக்கில் மாட்டுங்கள். ஹூக் குளோனோடு வராது, ஒவ்வொருவரும் தன் மெஷினில் போட வேண்டும். 'நோ-வெரிஃபை' கொடுத்துத் தாண்டியும் விடலாம். ஆகவே சர்வரில் தானாக ஓடும் சிஐயிலும் அதே சோதனையை வையுங்கள். கிட்ஹப் 2024 முதல் பொது ரெப்போக்களுக்கு புஷ் புரொடெக்ஷனை (ரகசியம் இருந்தால் ஏற்றவிடாமல் தடுப்பது) தானாகவே போட்டுவிட்டது. ஆனால் அது அடையாளம் தெரிந்த டோக்கன்களைத்தான் தடுக்கும். உங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு 'பெங்களூரு123' என்றால் அது ரகசியம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

புள்ளி வைத்து ஆட் பண்ணும் பழக்கத்தை விடுங்கள். 'கிட் ஆட் -பி' துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். மதிப்புகள் இல்லாத .என்வ்.எக்ஸாம்பிள் ஒன்றை ரெப்போவில் வையுங்கள். அது இல்லாத டீமில்தான் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முழு .என்வ் வாட்ஸ்அப்பில் வருகிறது. சாவியே இல்லாமல் வேலை நடந்தால் இன்னும் நல்லது. ஈசி2-வுக்கு ரோல் கொடுங்கள், லேப்டாப்பில் எஸ்எஸ்ஓ (ஆபீஸ் லாகின்) மூலம் தற்காலிகச் சாவி எடுங்கள். இன்டர்வியூவில் காட்டலாம் என்று ஆபீஸ் கோடை சொந்த கிட்ஹப்பில் ஏற்றுவது தப்பு என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

டீம் லீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். கசியவிட்டதை இரவு பதினொரு மணிக்கு போன் போட்டுச் சொல்கிற ஜூனியரைத் திட்டாதீர்கள், தினசரி ஸ்டாண்டப் மீட்டிங்கில் பெயர் சொல்லி நிற்க வைக்காதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் அடுத்தவன் சொல்லாமல் டிலீட் கமிட் போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவான், உங்களுக்கு விஷயம் பில் வந்த பிறகுதான் தெரியும். யாரைக் கூப்பிட வேண்டும், எந்தச் சாவியை யார் நிறுத்தலாம் என்பதை ரெப்போவின் ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) ஃபைலின் முதல் பத்தியிலேயே எழுதி வையுங்கள். சனிக்கிழமை காலை ஐஏஎம் அனுமதி உள்ள ஒரே ஆள் கூர்க்கில் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கக் கூடாது.