மலை உச்சியில் தூங்காத ஒரு காது

கையில் பிடிக்கும் 5 வாட் வயர்லெஸ் செட்டில் பேசினால் ஊருக்குள் சில கிலோமீட்டர் போகும். அதே குரலை மலை உச்சியில் உள்ள ரிப்பீட்டர் வாங்கி, அலைவரிசையை 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அந்தக் கணமே மறுபடி அனுப்பினால், பக்கத்து மாவட்டத்துக்காரரும் பதில் சொல்வார். புயலில் கரண்ட்டும் செல்போனும் போன இரவுகளில் ஹாம் வானொலிக்காரர்களுக்கு (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசுகிறவர்களுக்கு) இது பெரிய துணை. ஆனால் பல உச்சிகளுக்கு மின்கம்பி ஏறாது. சோலாரும் பேட்டரியும்தான் கதி.

முதலில் கணக்கு. ரிப்பீட்டர் 25 வாட்டில் ஒலிபரப்பும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 6 ஆம்பியர் இழுக்கும் என்று வைப்போம். நாளுக்கு ஒரு மணி நேரப் பேச்சென்றால் 6 ஆம்பியர்-மணி. சரி, யாரும் பேசாத நேரம்? யார் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாததால் ரிசீவர் தூங்கவே முடியாது. அது இழுப்பது வெறும் 0.4 ஆம்பியர்தான், 24 மணி நேரத்தில் 9.6 ஆகிவிடும். பேசுவதைவிடக் கேட்பதற்குத்தான் செலவு அதிகம்! டிஸ்ப்ளே விளக்கு, ஓயாமல் சுற்றும் ஃபேன் என்று 0.1 ஆம்பியரைக் குறைத்தாலே தினம் 24 நிமிடப் பேச்சுக்கான மின்சாரம் மிச்சம்.

ஆக, நாளுக்கு ஏறத்தாழ 16 ஆம்பியர்-மணி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஐந்து நாள் சூரியனே தலைகாட்டாவிட்டாலும் ஓட வேண்டுமென்றால் 80. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். எனவே 160 ஆம்பியர்-மணி வேண்டும், எடை நாற்பது கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை எண்பது சதவீதம் வரை காலி செய்யலாம் என்பதால் 100 போதும், பத்துப் பன்னிரண்டு கிலோதான். தோளில் சுமந்து மலையேறுகிறவருக்கு அந்த வித்தியாசம் புரியும்.

பேனல் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. நல்ல வெயிலில் 50 வாட்டே போதும்போலத் தோன்றும். நான் 200 வாட் வைக்கச் சொல்வேன். மூட்டத்திலும் கொஞ்சம் கிடைக்கும். வானம் வெளுத்ததும் இரண்டு மூன்று நாளில் பேட்டரி நிரம்பிவிடும். ஒன்று கவனியுங்கள்: ஆன்டெனா கம்பத்தின் நிழல் பேனலில் விழக்கூடாது. அதில் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு செல்லை மறைக்கும் நிழல்கூட மொத்த வரிசையின் ஓட்டத்தையும் பிடித்து வைக்கும்.

அப்புறம் ஒரு விசித்திரமான நோய் உண்டு. இரவில் நன்றாகக் கேட்கும் ரிப்பீட்டருக்கு உச்சி வெயிலில் காது மந்தமாகும். காரணம் பெரும்பாலும் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கண்ட்ரோலர். அது மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புவதில் எழும் இரைச்சல், மைக்ரோவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு சமிக்ஞையையும் பிடிக்கக்கூடிய ரிசீவரை மூழ்கடித்துவிடும். கண்ட்ரோலரை உலோகப் பெட்டிக்குள் தள்ளி வைத்து, அதன் வயர்களை ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றினால் பெரிதும் அடங்கும்.

பேட்டரி இறங்கத் தொடங்கினால் ரிப்பீட்டரே சொல்லும்படியும் அமைக்கலாம்: அழைப்புக்குறியை (நிலையத்தின் அடையாளப் பெயரை) ஒலிக்கும் பீப்பின் சுருதி மாறும், ஒலிபரப்பு 25 வாட்டிலிருந்து 10-க்கு இறங்கும். கீழே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் புரிந்துகொண்டு பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள்.