கார் வாங்க முன்னம் மூன்று போல்ற்றைக் கழற்றிப் பாருங்கள்

போன மாசியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, கனடாவின் ஸ்கார்பரோவில் உள்ள எங்கள் கராஜுக்கு ஒரு பொடியன் 2007ஆம் ஆண்டு ஜெற்றா ஜி.எல்.ஐ ஒன்றைக் கொண்டுவந்தான். வாங்கி மூன்று கிழமைதானாம். “அண்ணை, 401 ஹைவேயில ஏறேக்கை மிதிச்சா இழுக்குதில்லை. செக் என்ஜின் லைற்றும் எரியுது” என்றான். ஸ்கானரைப் பூட்டினேன். பி0087 என்று காட்டியது. பெற்றோல் ரெயிலில் அமுக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

“தம்பி, வாங்க முதல் பம்பைக் கழற்றிப் பாத்தனீரோ?”

“எந்தப் பம்ப் அண்ணை?”

இந்தக் கேள்வியை நான் வருடத்தில் நாலைந்து தரமாவது கேட்கிறேன். பதில் எப்போதும் இதுதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2004 தொடக்கம் ஃபோக்ஸ்வாகனும் ஔடியும் பல கார்களுக்குப் போட்ட 2.0 லீற்றர் ரேர்போ எஃப்.எஸ்.ஐ எஞ்சின் இது. 200 குதிரைவலு. ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜி.ரி.ஐ, ஜெற்றா ஜி.எல்.ஐ, ஔடி ஏ3, ஏ4 எல்லாவற்றிலும் இருந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் அதைத் திட்டமாட்டார்கள். கீழ்ச் சுழற்சியிலேயே முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும். இன்றைக்கு மலிவாகவும் கிடைக்கிறது. அதுதான் ஆபத்து.

இந்த எஞ்சினில் பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அதற்கு 100 பாருக்கு மேற்பட்ட அமுக்கம் தேவைப்படும். ராங்கியில் உள்ள மின்பம்பால் அவ்வளவு கொடுக்க ஏலாது. ஆகவே சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில், கியர்பொக்ஸ் பக்கமாக, இரண்டாவது பம்ப் ஒன்று இருக்கிறது. அதை இயக்குவது, வால்வுகளைத் திறக்கும் இரண்டு காம்ஷாஃப்ற்றுகளில் காற்று உள்ளே வரும் பக்கத்துக் காம்ஷாஃப்ற். அதன் நுனியில் மூன்று முகடுகள் உண்டு. காம்ஷாஃப்ற் ஒரு முறை சுற்றினால் பம்பின் தண்டு மூன்று தரம் அமுக்கப்படும். முகட்டுக்கும் தண்டுக்கும் நடுவில், பெருவிரல் நுனி அளவில், கவிழ்த்த கிண்ணம் போல ஒரு துண்டு. ஃபொலோவர் என்போம். அதன் முகத்தில் கறுப்பாக ஒரு கடினப் பூச்சு இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 தரம் சுற்றும்போது காம்ஷாஃப்ற் 3000 சுற்று. அப்போது அந்தக் கிண்ணத்தின் மேல் நிமிடத்துக்கு 9000 அடி விழுகிறது. உருளை எதுவும் கிடையாது. இரும்பு மேல் இரும்பு உரசுகிறது. இடையில் ஒயில் படலம் மட்டுந்தான். முதலில் கறுப்புப் பூச்சு போகும், வெள்ளி நிறத்தில் வட்டம் தெரியும். பிறகு நடுவில் குழி. பிறகு ஓட்டை. ஓட்டை விழுந்தால் பம்பின் தண்டு நேரே காம்ஷாஃப்ற்றில் இடிக்கத் தொடங்கும். குதிரை கீழே தள்ளினதும் போதாதென்று குழியும் பறித்ததாம், அந்தக் கதைதான். தண்டின் நுனி நசுங்கும், முகடு உடையும், இரும்புத் தூள் ஒயிலோடு எஞ்சின் முழுக்கச் சுற்றும்.

ஆரம்பத்தில் வந்த காம்ஷாஃப்ற்றுகள் சீக்கிரம் தேய்ந்தன. பிறகு கூடுதலாகக் கடினப்படுத்தியவை வந்தன. அமெரிக்காவில் கொம்பனியே இந்தப் பகுதிக்கான உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 120,000 மைல் வரைக்கும் நீட்டிக் கொடுத்தது. அந்தக் காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது. அடுத்து வந்த ரி.எஸ்.ஐ எஞ்சினில் கிண்ணத்தை எடுத்துவிட்டு உருளை வைத்தார்கள். அதற்கு ரைமிங் செயின் என்று வேறொரு தலைவலி உண்டு, அது இன்னொரு நாளைக்கு. நீங்கள் பார்க்கும் கார் 2006 தொடக்கம் 2008 வரையான ஜி.எல்.ஐ என்றால் எஞ்சின் எழுத்தைப் பாருங்கள். பி.பி.வை என்றிருந்தால் நான் சொல்கிற எஞ்சின் அதுதான்.

பொடியனின் கதைக்கு வருவோம். அவன் ஒன்றும் விசாரிக்காமல் வாங்கவில்லை. விற்றவர் ஒரு பில் காட்டியிருக்கிறார்: எட்டு மாதத்துக்கு முன் ஃபொலோவர் புதிதாகப் போட்டதாக. பில் உண்மைதான். பம்பைக் கழற்றினேன். அந்தப் புது ஃபொலோவரில் ஒரு மிளகு அளவு ஓட்டை. அதைப் போட்டபின் கார் ஓடியது 9,000 கிலோமீற்றர்தான். காந்தக்குச்சியால் அதை வெளியே எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் திருப்பித் திருப்பி லைற் அடித்துப் பார்த்தேன். மூன்று முகடுகளில் ஒன்றின் விளிம்பு சிதறியிருந்தது. மற்ற இரண்டிலும் நகத்தால் தடவினால் படி தட்டுப்படும். முன்பு வேலை செய்த ஆள் பழைய கிண்ணத்தை எடுத்துப் புதியதைப் போட்டாரே தவிர, கீழே எட்டிப் பார்க்கவில்லை. வாள் மாதிரி இருக்கும் முகட்டின் மேல் எத்தனை புதுக் கிண்ணம் வைத்தாலும் அது சீவிக்கொண்டுதான் இருக்கும்.

பில்லை நம்பாதீர்கள் என்று சொல்லவரவில்லை. அதில் “காம்ஷாஃப்ற் பார்க்கப்பட்டது” என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்று. “சேஃப்ரி எடுத்த கார்தானே அண்ணை” என்று பொடியன் கேட்டான். ஒன்ராறியோவில் சேஃப்ரி சேர்ட்டிஃபிக்கற் பிரேக், ரயர், ஸ்ரியரிங், லைற், சஸ்பென்ஷன் போன்றவற்றுக்குத்தான். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று அதில் யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது பெரிய வேலையா? இல்லை. பம்பைப் பிடித்திருப்பவை மூன்று சின்ன போல்ற்றுகள். 30ஆம் இலக்க ரோர்க்ஸ் சாவி போதும். ஆனால் வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: சூடான எஞ்சினில் கை வைக்க வேண்டாம். மின்பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அமுக்கத்தை இறக்குங்கள். பிறகு ஆறவிடுங்கள். கண்ணாடி போடுங்கள். குழாயைத் தளர்த்தும்போது மிச்சப் பெற்றோல் வரும், துணி பிடியுங்கள். உள்ளே சுருள்வில் இருப்பதால் மூன்று போல்ற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் பம்ப் சரிந்து நிற்கும், அலுமினியத்தில் உள்ள மரை போய்விடும். திரும்பப் பூட்டும்போதும் அப்படித்தான். பலத்தைக் காட்டாதீர்கள்.

ஃபொலோவரின் விலை ஐம்பது டொலர் சுற்றுவட்டாரம். முகடு போய்விட்டால் கதை வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அங்கேதான். ரைமிங் பெல்ற்றைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் பெல்ற் புகை வெளியேறும் பக்கத்துக் காம்ஷாஃப்ற்றைச் சுற்ற, அதிலிருந்து ஒரு குட்டிச் செயின் காற்று உள்ளே வரும் பக்கத்துக் காம்ஷாஃப்ற்றைச் சுற்றுகிறது. இரண்டையும் மூடிப் பிடித்திருக்கும் சட்டத்தைத் தூக்கி, கசிவை அடைக்கும் பழைய சீலன்ற் பசையைச் சுரண்டி, புதியதை மெல்லிய கோடாக இழுக்க வேண்டும். கூடினால் ஒயில் துவாரம் அடைபடும், குறைந்தால் கசியும். இவ்வளவு திறந்தபின் பழைய பெல்ற்றையும் தண்ணீர்ப் பம்பையும் திரும்பப் போடுவது கஞ்சத்தனம். குட்டிச் செயினை இறுக்கிப் பிடிக்கும் ரென்ஷனரையும் மாற்றிவிடுவேன்.

பலர் விட்டுவிடும் வேலை ஒயில் தொட்டியை இறக்குவது. பொடியனின் காரில் இறக்கினேன். அடியில் மினுமினுப்பு, உறிஞ்சும் வலையில் ஊசி மாதிரி இரண்டு துண்டு. அவை அந்த வலையை அடைத்திருந்தால் ரேர்போவும் போயிருக்கும், பேரிங்குகளும் போயிருக்கும்.

ஏன் சில கார்களில் சீக்கிரம் போகிறது, சிலதில் போவதில்லை? என் அனுபவத்தில் ஒயில்தான் முக்கால்வாசி. குளிர்காலத்தில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை வரைக்கும் போய்த் திரும்புகிற ஓட்டத்தில் எஞ்சின் சூடாவதே இல்லை. பெற்றோல் ஒயிலோடு கலந்து படலம் மெலிந்துபோகும். புத்தகத்தில் ஏறத்தாழ 16,000 கிலோமீற்றர் என்றிருந்தாலும் இந்த எஞ்சினுக்கு நான் 8,000இல் ஒயில் மாற்றச் சொல்வேன். ஃபோக்ஸ்வாகனின் 502 00 தரம் என்று போத்தலில் எழுதியிருக்க வேண்டும். வலுவைக் கூட்ட ரியூன் பண்ணி, பெரிய பம்ப் போட்ட கார் என்றால் கிண்ணத்தின் மேல் சுமை இன்னும் கூட. அப்படியான காரை ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் திறந்து பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டுக்கு ஒரு தரம்.

பொடியன் காரை 4,500 டொலருக்கு வாங்கியிருந்தான். காம்ஷாஃப்ற், பம்ப், பெல்ற், கூலி எல்லாம் சேர்த்து நான் சொன்ன தொகை 2,600. வெளியே போய் நின்று தகப்பனோடு அரை மணித்தியாலம் ஃபோனில் கதைத்தான். வெறும் கணக்குப் பார்த்தால் கட்டாது, அதை அவனுக்கு மறைக்கவில்லை. ஆனால் பனிக்கு உப்புக் கொட்டும் ரோட்டில் ஓடிய காருக்கு அடிப்பாகம் ஆச்சரியமாகத் துருப்பிடிக்காமல் இருந்தது. கியர்பொக்ஸும் நல்லது. “செய்யுங்கோ அண்ணை” என்றான்.

முதல் 500 கிலோமீற்றரில் ஒயிலை வடித்துவிட்டு, ஃபில்ரரை வெட்டி விரித்துப் பார்த்தோம். மடிப்புகளில் கொஞ்சம் பளபளப்பு இருந்தது. 3,000இல் திரும்ப வெட்டினோம், இல்லை. ஐப்பசியில் வரச் சொல்லியிருக்கிறேன், பம்பைக் கழற்றிப் பார்க்க. இந்தமுறை சாவியைத் தானே பிடிக்கிறேன் என்கிறான்.