பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் அந்த வைன் போத்தல்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீடு. ஷிராஸ், கபர்னே சோவினியோன் என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்த அவுஸ்திரேலியச் சிவப்பு வைன், சுப்பர்மார்க்கெட்டில் கைக்கடக்கமான விலைக்குக் கிடைக்கும் வகை. ஒரு வாய் குடித்ததும் அண்ணர் முகத்தைச் சுளித்தார். "உது கலப்பு, தம்பி. அதுதான் இப்பிடி எரியுது. நீர் ஹோட்டலில வைன் பரிமாறுற ஆள், சொல்லும் பாப்பம்."

இந்த மாதம் இதைக் கேட்பது நாலாவது தடவை. போத்தல் எங்கே இருந்தது என்றேன். பிரிட்ஜுக்கு மேலேயாம். உள்ளே இல்லை, மேலே! பின்பக்கத்துச் சூடெல்லாம் ஏறுகிற இடம்.

கலவை வேறு, கலப்படம் வேறு. நுவரெலியாத் தேயிலையின் வாசமும் ருகுணுத் தேயிலையின் சாயமும் ஒரே பைக்கற்றில் சேர்ந்தால் அதைக் கலப்படம் என்கிறோமா? பிரான்ஸின் பேர்போன போர்தோ சிவப்பு வைன்களே பெரும்பாலும் கபர்னேயும் மெர்லோ என்ற திராட்சையும் சேர்ந்தவைதான். ஒன்று துவர்ப்பையும் இறுக்கத்தையும் தரும், மற்றது சதைப்பற்றை. இன்னொன்றும் சொல்கிறேன்: அவுஸ்திரேலியச் சட்டப்படி 85 சதவீதம் ஷிராஸ் இருந்தாலே லேபிளில் 'ஷிராஸ்' என்று மட்டும் போடலாம். மிச்சம் 15 வேறு திராட்சையாக இருக்கலாம். அண்ணர் இதுவரை 'சுத்தம்' என்று குடித்ததில் எத்தனை கலப்போ!

எரிய வைத்தது சூடு. "சிவப்பு வைனை அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டும்" என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எந்த அறை ஐயா? அது ஹீற்றர் இல்லாத காலத்து ஐரோப்பியக் கல்வீட்டு அறை, 16 அல்லது 18 பாகை. உங்கள் வெள்ளவத்தை அறை ஃபேன் சுற்றச் சுற்ற 30. அந்தச் சூட்டில் மதுசாரம்தான் முதலில் மூக்கில் ஏறும், பழம் பின்னுக்குப் போய்விடும்.

அண்ணரின் போத்தலை 25 நிமிடம் பிரிட்ஜுக்குள் வைத்து இன்னொரு கிளாஸில் ஊற்றினேன். பழைய கிளாஸில் ஸ்பிரிட்டும் காய்ச்சிய ஜாமும் மணத்தன. புதியதில் நாவற்பழம், பின்னால் கொஞ்சம் மிளகு, நாக்கில் நாவற்பழத்தின் அதே துவர்ப்பு. அண்ணர் ஒன்றும் பேசவில்லை, கிளாஸை மட்டும் நீட்டினார்.

எல்லாப் போத்தலையும் இப்படி மீட்க முடியாது. போயாவுக்குக் கடை பூட்டும் என்று முதல்நாளே வாங்கி, கார் டிக்கியில் போட்டு, வெயிலில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். கார்க் மேலே தள்ளியிருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு வடிந்திருந்தாலோ அது வெந்த வைன், இறைச்சிக் கறிக்குக்கூட யோசிக்க வேண்டும். இந்த விலை வைன் வருஷக்கணக்காக வைத்து அழகு பார்க்க அல்ல, வாங்கினால் குடியுங்கள். அதுவரை வீட்டில் குளிர்ச்சியான இருட்டு மூலை எதுவோ அங்கே வையுங்கள். திறந்தால் மூடி பிரிட்ஜுக்குள், இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். ஐஸ்கட்டி மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

குளிர்ந்த வைன் இலகுவாக இறங்கும், கவனம். 'வைன்தானே' என்று கார் சாவியை எடுக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 13.5 சதவீத வைன் 150 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்கிறது. 33.5 சதவீதச் சாராயம் 50 மில்லிலீற்றரில் 17தான். நானே அன்று மோட்டார் சைக்கிளை அண்ணர் வீட்டுக் கீழே விட்டுவிட்டு ஆட்டோவில்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.