ஆள்மாறாட்டம் செய்யும் மருந்து

சோதனைக் குழாயில் பாக்டீரியாவை ஒன்றுமே செய்யாத மருந்து உடம்புக்குள் போனதும் எப்படி வேலை செய்யும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். செய்யும். அப்படிப்பட்ட ஒன்றுக்குத்தான் 1939இல் மருத்துவ நோபல் பரிசே அறிவிக்கப்பட்டது.

புரோன்டோசில் ஒரு சிவப்புச் சாயம். ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் 1932 டிசம்பரில் கெர்ஹார்ட் டோமாக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா ஏற்றிய சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். கொடுத்தவை பிழைத்தன, கொடுக்காதவற்றில் அநேகமாக எல்லாமே செத்தன. குழாயில் மட்டும் அந்தச் சாயம் சும்மா கிடந்தது. குழாய்ச் சோதனையோடு நிறுத்தியிருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும்; முதல் கட்டத்தில் பலன் தெரியவில்லை என்று ஆய்வுக்குப் பணத்தை நிறுத்துவதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

1935இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் திரெஃபுவேல் தம்பதியும் நிட்டி, போவே ஆகியோரும் புதிரை அவிழ்த்தார்கள். உடம்புக்குள் அந்த மூலக்கூறு இரண்டாக உடைகிறது (குடலில் வாழும் பாக்டீரியாக்களின் நொதிகளும் இதைச் செய்கின்றன!). நிறமில்லாத ஒரு துண்டுதான் மருந்து: சல்ஃபனிலமைடு. வியன்னாவில் கெல்மோ என்ற வேதியியலாளர் 1908லேயே தயாரித்துவிட்ட பொருள், அத்தனை வருஷம் அதன் அருமை யாருக்கும் தெரியவில்லை.

சரி, அது என்ன செய்கிறது? டிஎன்ஏ தயாரிக்க ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேண்டும். நமக்கு அது உணவிலிருந்து கிடைக்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதைத் தாங்களே தயாரித்தாக வேண்டும், அதற்கு ஒரு மூலப்பொருள் பாரா அமினோ பென்சாயிக் அமிலம். ஒரு பென்சீன் வளையம், ஒரு முனையில் நைட்ரஜன் தொகுதி, எதிர்முனையில் கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி, அவ்வளவுதான் அதன் வடிவம். சல்ஃபனிலமைடிலும் அதே வளையம், அதே நைட்ரஜன். எதிர்முனையில் மட்டும் கந்தகத் தொகுதி. நீளம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றே. ஃபோலேட் தயாரிக்க உதவும் பாக்டீரியாவின் நொதி ஏமாந்து இதை உள்ளே விடுகிறது, பிறகு நிஜமான அமிலத்துக்கு இடமில்லை. நமக்கு அந்த நொதியே கிடையாது என்பதால் நம் செல்களில் இந்த ஆள்மாறாட்டம் எடுபடாது. எனக்குத் திகட்டாத அழகு இது.

ஈஸ்ட் சாறு சேர்த்தால் மருந்து தோற்பதை டொனால்ட் உட்ஸ் 1940இல் பிரிட்டனில் கவனித்தார். பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தையே சேர்த்தபோதும் பாக்டீரியா மறுபடி வளர்ந்தது. அதாவது நிஜமும் போலியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன, எது அதிகமோ அது ஜெயிக்கும். சீழ் கட்டிய இடத்தில் சல்ஃபா மருந்துகள் (சல்ஃபனிலமைடின் குடும்பம்) திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம், அங்கே அழிந்த திசுக்கள் பாக்டீரியாவுக்கு மூலப்பொருளைக் கொடுத்துவிடுகின்றன. இன்னொன்று, பாக்டீரியா உடனே சாவதில்லை. கையிருப்பு ஃபோலேட்டை வைத்துச் சில தடவை இரண்டாகப் பிரிந்து பெருகும், அப்புறம் நின்றுவிடும். மிச்சத்தை வெள்ளையணுக்கள் பார்த்துக்கொள்ளும்.

டோமாக்கைப் பரிசை மறுக்க வைத்தது நாஜி அரசு, கைதும் செய்தது. 1947இல் பதக்கம் கைக்கு வந்தது, பணம் வரவில்லை.

இன்று சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற சல்ஃபா மருந்துடன் டிரைமெத்தோபிரிம் என்ற வேறொரு மருந்தைச் சேர்த்து, ஃபோலேட் பாதையை இரண்டு இடத்தில் அடைக்கிறார்கள். பாக்டீரியாவும் சும்மா இல்லை, நிஜத்தையும் போலியையும் பிரித்தறியும் மாற்று நொதிக்கான மரபணுவை ஒன்றிலிருந்து ஒன்று வாங்கிக்கொள்கிறது.