நூல் பிடித்த ஃபிரேம்

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் உள்ள ஹவுசிங் போர்டு குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடி நடைவழியில், நண்பர்களின் குறும்படத்துக்காக ஒரு ஷாட் வைத்துக்கொண்டிருந்தோம். இருபுறமும் கதவுகள், கடைசியில் வெளிச்சம் வரும் ஒரு சன்னல், நடுவே முக்காலியில் அமர்ந்து பூக் கட்டும் ஒரு பாட்டி. இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்க வேண்டும் என்பது எண்ணம். கேமராவில் பதியும் காட்சிச் சட்டத்தின், அதாவது ஃபிரேமின், நட்டநடுவில்தான் சன்னல் இருந்தது. ஆனாலும் மானிட்டரைப் பார்த்த ஐந்து பேருக்கும் ஏதோ ஒன்று இடித்தது. எது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் போன பிறகு, கீழ்வீட்டில் குடியிருக்கும் மேஸ்திரி நூலும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "செவுத்த நம்பாத தம்பி, நூலப் போட்டுப் பாரு" என்றார்.

அவர் சொன்னதில்தான் சமச்சீர் ஃபிரேமின் அறிவியலே இருக்கிறது.

ஒரு பொருள் கேமராவிலிருந்து விலக விலக, அதே விகிதத்தில் அதன் பிம்பம் சிறுத்துக்கொண்டே போகும். ராயபுரத்தில் தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைமேம்பாலத்தில் நின்று பார்த்தால் இது கண்கூடு. அகலப்பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி எங்கும் 1,676 மில்லிமீட்டர்தான். ஆனால் 20 மீட்டர் தொலைவில் தெரியும் இடைவெளியில் பத்தில் ஒரு பங்குதான் 200 மீட்டரில் தெரியும். இப்படிக் குறுகிக்கொண்டே போய், இரண்டு கோடுகளும் அடிவானத்தில் சேர்வதுபோல் தோன்றும் இடத்தை மறைபுள்ளி என்கிறோம். இதை ஓவியத்தில் கொண்டுவரும் முறையை இத்தாலியரான ஆல்பெர்ட்டி 1435-இல் எழுதிய புத்தகத்திலேயே விளக்கிவிட்டார். அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் படங்களில் வரும் ஹோட்டல் நடைவழிகளும் விண்கலங்களும் இந்தக் கணக்கின்படி நிற்பவைதான்.

ஒரு நடைவழி சமச்சீராகப் பதிவாக வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். கேமரா நடைவழியின் மையக்கோட்டின் மேல் நிற்க வேண்டும். அந்தக் கோட்டின் திசையிலேயே பார்க்கவும் வேண்டும். நிற்பது ஒன்று, பார்ப்பது வேறு. புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். நாங்களும் அதைத்தான் செய்திருந்தோம்.

பார்க்கும் திசை பிசகினால் மறைபுள்ளியே நகர்ந்துவிடும். கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் 36 மில்லிமீட்டர் அகல சென்சாரின் முன்னே 24 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள லென்ஸைப் பொருத்திக் கேமராவை ஒரே ஒரு டிகிரி திருப்பினால், மறைபுள்ளி ஃபிரேமின் அகலத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே தள்ளிப்போகும். 10 மீட்டர் அகலத் திரையில் அது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். நிற்கும் இடம் பிசகினால் நடப்பது வேறு. தொலைவில் உள்ளவை அசையாமல் இருக்க, அருகில் உள்ளவை மட்டும் காட்டிக்கொடுக்கும். 2 மீட்டர் அகல நடைவழியில் கேமரா 5 சென்டிமீட்டர் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால் இடச்சுவர் 95 சென்டிமீட்டரிலும் வலச்சுவர் 105 சென்டிமீட்டரிலும் அமைந்துவிடும். இடப்பக்கக் கதவுகள் ஒடுங்கியும் வலப்பக்கக் கதவுகள் விரிந்தும் தெரியும். வித்தியாசம் 10 சதவீதத்துக்கும் மேல். எங்கள் ஷாட்டில் சன்னல் நடுவில் இருந்ததை மட்டும் நம்பிக்கொண்டு, கேமரா ஒதுங்கி நின்றதைக் கவனிக்காமல் விட்டிருந்தோம்.

மேஸ்திரி நடைவழியின் இரு முனைகளிலும் நடுவை அளந்து, சாக்பீஸால் குறித்து, நூலை இழுத்துப் பிடித்தார். கேமரா நின்ற ட்ரைபாடின் அடியில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபோது அதன் முனை நூலுக்கு நான்கு விரற்கடை தள்ளி நின்றது. கேமரா மேலும் கீழும் சாயாமல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தும் பார்த்தார். அண்ணாந்து சாய்ந்தால் கதவுகளின் நிலைக்கால்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிக் குவியும். குனிந்து சாய்ந்தால் கீழே குவியும். கேமராவைச் சக்கர வண்டியில் ஏற்றித் தள்ளும் டிராலி ஓட்டுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: டிராக் ஒரு டிகிரி கோணலாகக் கிடந்தாலும் 6 மீட்டர் போவதற்குள் கேமரா 10 சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகிவிடும்.

இவ்வளவு சிறிய பிசகு எங்கள் ஐந்து பேருக்கும் ஏன் உறுத்தியது? இடவலச் சமச்சீரைக் கண்டுகொள்வதில் மனிதப் பார்வை அவ்வளவு கூர்மையானது. தாறுமாறாகத் தெளித்த புள்ளிகளை எடுத்து, அவற்றின் கண்ணாடிப் பிம்பத்தைப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினால், பத்தில் ஒரு நொடிகூட இல்லாமல் காட்டி மறைத்தாலும் பலரால் அந்த ஒழுங்கை உணர முடிகிறது. செங்குத்து அச்சைச் சுற்றிய சமச்சீர் கிடைமட்ட அச்சைச் சுற்றியதைவிட எளிதில் பிடிபடுகிறது என்பதை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதினார். மூளையில் பார்வைச் செய்தி முதலில் வந்து சேரும் பகுதி சமச்சீரைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு அடுத்தடுத்த பகுதிகள்தான், வடிவங்களை முழுமையாகக் கூட்டிப் பார்க்கும் பகுதிகள்தான், அதற்கு வலுவாக எதிர்வினை காட்டுகின்றன. தலையில் மின்முனைகள் பொருத்தி அளந்தால் அந்த எதிர்வினை ஏறத்தாழ கால் நொடியில் தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் தவறு இன்னதென்று சொல்ல முடிவதற்கு முன்பே, தவறு இருக்கிறது என்ற உணர்வு வந்துவிடுகிறது.

இன்னொரு கண்டுபிடிப்பு எங்களுக்கு நேரடியாகவே உதவியது. கண் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஒப்பிடுவதில்லை. அச்சை ஒட்டிய பகுதிக்கும், அடுத்தபடியாக வெளி விளிம்புகளுக்கும்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது. கேமராவை நூலுக்குக் கொண்டுவந்த பிறகும் எங்கள் ஃபிரேம் முழுமையாகச் சரியாகவில்லை. கட்டடமே சமச்சீராக இல்லை: இடச்சுவரின் பூச்சு ஓரிடத்தில் பிதுங்கியிருந்தது, மூன்றாவது கதவுகள் நேருக்கு நேர் இல்லை. எனவே பாட்டியையும் சன்னலையும் தரையின் நடு டைலையும் நூல் பிடித்தாற்போல் வைத்தோம். ஃபிரேமின் இரு ஓரங்களிலும் ஒரே நீல நிறப் பிளாஸ்டிக் குடங்களை ஒரே உயரத்துக்கு அடுக்கினோம். இடையில் இருந்த பிதுங்கலை அப்படியே விட்டுவிட்டோம். பிறகு பார்த்த ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

நடுவில் வைப்பதற்கு அழகைத் தவிர வேறொரு பயனும் உண்டு. ஷாட் மாறியதும் பார்வையாளர்களின் கண்கள் இயல்பாகத் திரையின் மையத்தை நோக்கித்தான் போகின்றன. பார்க்க வேண்டிய பொருள் ஓரத்தில் இருந்தால், அங்கே தாவ முடிவெடுப்பதற்கே கண்ணுக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும் படத்தில் அது 5 பிரேம். ஒரு நொடியே நிற்கும் ஷாட்டில் ஐந்தில் ஒரு பங்கு தேடுவதிலேயே போய்விடும். 2015-இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' படத்தில் அவ்வளவு வேகமான ஷாட் மாற்றங்களுக்கு நடுவிலும் யார் எங்கே என்று குழம்பாமல் பார்க்க முடிவதற்கு, முக்கியமான முகத்தையும் செயலையும் ஷாட்டுக்கு ஷாட் மையத்திலேயே வைத்தது ஒரு பெரிய காரணம். அதே ஆண்டில் தொடங்கிய 'மிஸ்டர் ரோபாட்' தொலைக்காட்சித் தொடர் இதற்கு நேர்மாறான வழியில் போனது: ஆட்களை ஃபிரேமின் கீழ் மூலையில் ஒதுக்கித் தலைக்கு மேலே வெறுமையைப் பரப்பி, பார்ப்பவருக்கும் அந்தத் தனிமையைக் கடத்தியது.

வடசென்னையைப் படமெடுக்க வருபவர்கள் பலரும் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடுகிறார்கள். ஓட்டத்துக்கும் சண்டைக்கும் அது பொருந்தும்; மறுக்கவில்லை. ஆனால் அசையாமல் நின்று பார்க்க வேண்டிய ஒழுங்கு இங்கே எவ்வளவோ இருக்கிறது என்பதில் எனக்கு உறுதியுண்டு. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசை, புள்ளி பிசகாமல் விடியலில் போடும் வாசல் கோலம், குழாயடியில் இருபக்கமும் நீளும் குடங்கள் என எல்லாமே நடுக்கோடு கண்டுபிடித்து நிற்பவருக்காகக் காத்திருக்கின்றன. நடுவில் நிறுத்திப் படமெடுக்கும்போது அந்த மனிதருக்கு ஒரு கம்பீரம் வருகிறது. கோபுர வாசலிலும் கொலு மண்டபத்திலும் மையத்தில் இருப்பவரைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, பூக் கட்டும் பாட்டியும் அந்த இடத்தில் அப்படித்தான் தெரிகிறார்.

சமச்சீர் கலைந்துபோகும் கணத்துக்கும் தனி வலு உண்டு. எங்கள் படத்தின் கடைசி ஷாட்டைத் தெருமுனை கேரம் கிளப் ஒன்றில், பலகைக்கு நேர் மேலே கேமராவைக் கட்டி எடுத்தோம். சதுரம் சரிவகமாகிவிடாமல் இருக்க லென்ஸ் பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அதற்கும் மேஸ்திரியின் தூக்குக்குண்டே உதவியது. மையத்தில் சிவப்பு, சுற்றிலும் மாறி மாறிக் கறுப்பும் வெள்ளையும், ஆக மொத்தம் 19 காய்கள், நான்கு மூலைகளிலும் நான்கு குழிகள். எட்டு நொடி எதுவும் அசையாது. பிறகு கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு விரல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும். காய்கள் நாலாபுறமும் சிதறும். ஒரே ஒரு வெள்ளைக் காய் மட்டும் மெதுவாகச் சறுக்கி இடது மூலைக் குழியின் விளிம்பில் போய் நிற்கும். எடிட்டிங் அறையில் அதை முதன்முறை ஓடவிட்டபோது, யாரும் சுட்டிக்காட்டாமலே எல்லோரும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.